வெயில் ஏறினால் வருபவன்

பேய் பிசாசெல்லாம் இருட்டில்தான் வரும் என்று சொல்லிவைத்தவர்கள் ராயபுரம் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். அங்கே ஒரு சந்தின் கோடி வீட்டுக்கு வந்தது, வெயில் ஏறினால்தான் வந்தது. மேகம் மறைத்தால் தயங்கியது. பொழுது சாய்ந்தால் போய்விட்டது.

"அத்த... காப்பி ஆறிப்போவுது. உள்ள வா."

ஹில்டா திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் முற்றத்தில் நட்டிருந்த இரும்புச் சிலுவையின் மேல் வலது கையை வைத்து, கண்களை மூடி, வெறுங்காலோடு நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அதை அள்ளி முடிய வேண்டும் என்ற நினைவுகூட அவளுக்கு இல்லை.

"உன்னத்தான் அத்த."

"கத்தாதடி. அவன் இன்னும் வரல."

"நாஸ்டாவாவது துன்னுட்டு வந்து நில்லு."

"வெயிலு இப்பத்தான் மாடிச் செவுத்துல ஏறிகினு கீது. அவன் வர சொல்ல நான் இங்க இல்லன்னா இன்னா நெனைப்பான்? நீ வேலைக்குக் கெளம்பு. ஒனக்குத்தான் அவன் தேவையில்லயே."

கடைசி வார்த்தை ரேச்சலைச் சுட்டது. பதில் சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் திமிர். மாமியார் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். டம்ளரைப் படியில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு அவள் பேருந்துக்குக் கிளம்பினாள். சந்து திரும்பும்போது பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. அதில் கோபம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் பேசுகிற குரல் அது.

"வந்துட்டியா நைனா..."

காலை வெயில் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ரேச்சலுக்குக் குளிரெடுத்தது.

வந்தவன் ஆண்ட்ரூ. ஹில்டாவின் மூத்த மகன், ரேச்சலின் புருஷன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவன். இரண்டு வருடங்களுக்கு முன் காற்று வலுத்த ஒரு நாளில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் எதையோ பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த வருட நவம்பரில், கல்லறைத் திருநாளன்று சந்தே பூக்கூடையும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது ஹில்டாவுக்குப் போக இடமில்லை. எவன் கல்லறையில் போய் எவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது? துறைமுகத்துப் பட்டறையில் இருந்த ஆண்ட்ரூவின் தோஸ்துகளைப் பிடித்து, பழைய படகு இரும்பில் ஒரு சிலுவை அடித்து வாங்கினாள். சிமெண்டு பூசாமல் மிச்சமிருந்த முற்றத்து மூலையில் ஒரு குழி தோண்டி, ஆண்ட்ரூவின் கல்யாணச் சட்டையை ஜெபமாலையோடு புதைத்து, மேலே அந்தச் சிலுவையை நட்டாள். பங்குச் சாமியார் இதமாகச் சொல்லிப் பார்த்தார். பெற்றவள் வைராக்கியத்தின் முன் சாமியார் என்ன செய்வார்? அந்த ஒரு முழ மண்தான் ஆண்ட்ரூவின் கல்லறை ஆனது.

ரேச்சல் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. எண்ணூரில் இருந்த அவள் அண்ணன் எத்தனையோ முறை கூப்பிட்டான். மூத்தவனை இழந்துவிட்டு நிற்கிறவளை எப்படி விட்டுப் போவது என்று இருந்துவிட்டாள். திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் வாசலில் வண்டிகளைப் பதிகிற வேலை. சம்பளம் அந்த வீட்டுக்குத்தான் போனது. நல்ல பெயர் மட்டும் வரவில்லை. "போக எடமில்லாம கீறா" என்று கொழுந்தன் ஜெரி வெளியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெரி வீட்டின் பின்கட்டில் மீன் வைக்கிற பெரிய ஃப்ரீசர்களைப் போட்டு வியாபாரம் செய்தான். கோடையில் கரண்டு போய்ப் போய் வந்ததில் மீன் கெட்டது. மாடியில் சோலார் போட்டால் பகலுக்காவது கவலையில்லை என்று முடிவானது. அதற்கு ரேச்சலின் வளையல்கள் போயின. கொடுத்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போட்ற ஆள நான் பாக்கறேன் ஜெரி. கடக்காத்து அடிக்கிற எடம். கண்டவன் கைல குடுத்தா பேஜாராப் பூடும்."

சரி என்றான் ஜெரி. வளையல் கைக்கு வரும்வரை யாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

அவள் தேடின விதமே தனி. பேருந்து ஜன்னல் வழியாக மாடிகளைப் பார்த்துக்கொண்டே வருவாள். எங்காவது சோலார் தகடு தெரிந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். ஆண்களிடம் கேட்கமாட்டாள். தாங்கள் பார்த்து வைத்த ஆள் மோசம் என்று எந்த ஆண் ஒத்துக்கொள்வான்? பெண்கள்தான் மாடிக்குக் கூட்டிப்போய், துருவேறிய இரும்புக் கால்களையும் தளர்ந்து ஆடுகிற தகடுகளையும் காட்டினார்கள். "போட்றவரிக்கும் அம்மா அம்மான்னான். இப்ப போனே எடுக்கமாட்டேன்றான்" என்று ஒருத்தி அழுதாள். புதிதாகப் போட்ட வீட்டில் கேட்பதில் பயனில்லை, இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டில்தான் கேட்கவேண்டும் என்று ரேச்சல் புரிந்துகொண்டாள். நெட்டுக்குப்பத்தில் அப்படி ஒரு வீடு கிடைத்தது. அனல் மின்நிலையத்துச் சாம்பல் படிந்திருந்ததே தவிர, ஒரு திருகாணிகூடத் துருப்பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "முதஸ்ஸிர்னு ஒரு ஆளு. போன் பண்ணா திட்டும். ஆனா வரும்."

முதஸ்ஸிர் வந்தான். அதற்குமுன் வந்துபோன ஆட்களெல்லாம் வாசலில் நின்று அண்ணாந்து மாடியைப் பார்த்தார்கள். இவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"எர்த்து எங்கக்கா எறக்கறது?"

"அப்டீன்னா?"

"கரண்டு எங்கனா கசிஞ்சா வூட்டு இரும்புல நிக்காம மண்ணுக்குள்ள ஓடணும். அதுக்கு ஆழமா குழி போட்டு செம்புக் கம்பி எறக்கணும். இங்க எல்லாம் சிமெண்டு, அடில ட்ரெய்னேஜு. அந்த மூல ஒண்ணுதான் மண்ணு." அவன் கை சிலுவையைக் காட்டியது.

உள்ளேயிருந்து ஹில்டா வந்த வேகத்தில் கையிலிருந்த மீன் சட்டி தரையில் விழுந்தது. "எம் புள்ள மேல கடப்பாரை வெப்பியா? எம் புள்ள நெஞ்சுல கம்பி எறக்குவியா?"

முதஸ்ஸிருக்கு நயமாகப் பேச வராது. "எர்த்து இல்லாம நான் போட்றதில்ல. வேற ஆளப் பாருங்க" என்று பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுவாரம் ஜெரி தன் தோஸ்து ரவிக்குமாரைக் கூட்டிவந்தான். ரவிக்குமார் எல்லாரையும் அம்மா என்றான், சிரித்தான், ஹில்டாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "குழியே வாணாம்மா. தோ இரும்பு மண்ணுக்குள்ளதான கீது? இதுலயே கட்டிரலாம்" என்று மாடியிலிருந்து இறக்கிய பச்சை ஒயரைச் சிலுவையின் காலில் சுற்றி முறுக்கினான்.

"ஆழமில்லாம மேலாப்ல நட்ட இரும்பு அது. அதுல போய்க் கட்றியே" என்றாள் ரேச்சல்.

"அண்ணி, உன் ஆளு வரலன்னு எல்லாத்துக்கும் குறுக்க நிக்காத" என்றான் ஜெரி. மகனைத் தோண்டாமல் விட்டார்களே, ஹில்டாவுக்கு அது போதும்.

போட்ட புதிதில் மாடிப்படி அடியில் மாட்டிய சோலார் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. ரவிக்குமார் ஒரு நாள் வந்து எதையோ திருகினான். சத்தம் நின்றது. அதன்பின் அவனும் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டான்.

சத்தம் நின்ற மறுநாள் உச்சி வெயிலில் ஹில்டா சிலுவைக்கு மாலை போடப் போனாள். அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரேச்சலு... எங் கையப் புடிச்சாண்டி."

"யாரு அத்த?"

"ஆண்ட்ரூ. உள்ளருந்து புடிச்சான்."

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் ஓடிவந்தாள். தொட்டாள். கையை உதறிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆமா யக்கா, இன்னமோ கீது. உசுரு மாரி கீது." மறுநாள் அவள் கற்பூரம் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் சந்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதாவையும் மாரியாத்தாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியாகத் தொட்டுவிட்டு வெளுத்த முகத்தோடு திரும்பினார்கள்.

எல்லாரும் போன ஒரு மத்தியானம் ரேச்சல் தனியாகப் போய்த் தொட்டாள்.

ஆண்ட்ரூ கடலிலிருந்து வந்தால் இரண்டு நாளைக்கு அவன் உள்ளங்கையில் இஞ்சின் அதிர்வு அடங்காது. அவள் கைமேல் கை வைத்துத் தூங்குவான். மெல்லிய கிறுகிறுப்பு ஒன்று அவள் விரல்களில் ஏறி முழங்கை வரைக்கும் போகும். அதே கிறுகிறுப்பு. அதே இடம் வரைக்கும் ஏறியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடியும் வைத்தாள்.

அவள் முட்டாள் இல்லை. கிரைண்டரிலும் ஃப்ரிட்ஜிலும் எர்த்து அடிக்காத வீடு அந்தச் சந்தில் ஏது? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போனபோது, தலைவலி என்று சொல்லி அவள் மட்டும் தங்கினாள். படிக்கட்டுப் பெட்டியின் விசையைக் கீழே இழுத்துவிட்டு வந்து சிலுவையைத் தொட்டாள். சூடான இரும்பு, வேறொன்றுமில்லை. திரும்பப் போய் விசையை மேலே தள்ளிவிட்டு வந்து தொட்டாள். அவன் வந்தான். அடுப்பில் சோறு தீயும் வாடை வரும்வரை அங்கேயே நின்றாள்.

பொய் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. தெரிந்தும் கை தானாகப் போனதே! அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த பல நாட்களும் சொல்லவில்லை.

ஹில்டாவோ மார்க்கெட்டுக்குப் போவதை விட்டாள். மத்தியானம் சிலுவைக்கு எதிரில் இன்னொரு தட்டு வைத்தாள். மேகம் மூடிய நாட்களில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். வெயில் அடித்த நாட்களில் அவன் என்ன சொன்னான் என்று சொன்னாள்.

"குளிருதுன்றாண்டி. தண்ணிக்குள்ளயே கீறேன்றான்."

ஐப்பசி பிறந்து முதல் தூறல் போட்டது. மறுநாள் வெயிலில் தொட்டுவிட்டு வந்த ஹில்டா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னிக்கி அழுத்திப் புடிச்சான்" என்றாள். அடுத்த தூறலுக்குப் பிறகு இன்னும் அழுத்திப் பிடித்தான். இரவுச் சாப்பாட்டில் அவள் வலது கை விரல்கள் சோற்றைப் பிசைய முடியாமல் மரத்துக் கிடந்தன. இடது கையால் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"அம்மா, நீயும் வந்துடுன்றாண்டி."

காப்பியை மூடிவைத்துவிட்டுக் கிளம்பிய அந்தக் காலையில் ரேச்சல் வேலைக்குப் போகவில்லை. நேராகத் தண்டையார்பேட்டையில் முதஸ்ஸிரின் கடைக்குப் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடுத்தவன் போட்டதுல நான் கை வெக்கமாட்டேன்க்கா. நாளைக்கி எம் பேர்ல வரும்."

"சரி, வெக்காத. ஆபத்தான்னு மட்டும் சொல்லு."

"மேல எங்கியோ ஒயரு தோலு உரிஞ்சிருக்கும். கசியிற கரண்டு பூரா அந்த இரும்புக்கு வந்து, எறங்க வழியில்லாம நிக்கிது. மிஷினு கத்திகினுதான் இருந்துகீது; அவன் அது வாயக் கட்டிட்டுப் போய்ட்டான். இப்ப வெளாட்டாத் தெரியும். தண்ணி தேங்கி, வெயிலும் அடிக்கிற அன்னிக்கி வெறுங்கால்ல தொட்டா அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "விசைய எறக்கி வெய்யி. அந்த எடத்துல தோண்ட ஒத்துகினாங்கன்னா போன் பண்ணு. வரேன்."

ரேச்சல் வந்து விசையை இறக்கினாள். உச்சிப்பொழுதுக்கு ஹில்டா சிலுவையில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து, ஜெரி வரும்வரை எழவேயில்லை.

"விசைய எவ தொட்டது?" என்று ஜெரி கேட்டபோது ரேச்சல் முன்னால் வந்து நின்றாள்.

"நாந்தான். அது கரண்டு ஜெரி. எர்த்து அடிக்குது. அத்த உசுருக்கே..."

"பீலா வுடாத அண்ணி. வேலைக்குப் போறேன்னு அந்த முதஸ்ஸிர் கடைக்குப் போனியாமே, பாத்தவன் சொன்னான். எங்கண்ணன தோண்டி எறிஞ்சிட்டா உனக்கு ரூட்டு கிளியரு, அதான?"

ரேச்சல் மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்த, நீயாவது சொல்லு. நான் அப்டிப்பட்டவளா?"

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். "எம் புள்ளய ஒரு தபா கடலு எடுத்துகினு போச்சி. ரெண்டாந்தபா நீ எடுக்கிறியா..."

ஜெரி விசையை மேலே தள்ளி, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு ரேச்சல் எண்ணூருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கடைக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து மாமியாரின் காலடியில் வைத்தாள்.

"நீ தொட்டுக்க அத்த. வேணான்னு சொல்லல. இத மாட்டிகினு தொடு. எனக்காவ."

ஹில்டா அந்தச் செருப்பைப் பார்த்தாள். காலை நுழைத்து மாட்டிக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று ரேச்சலுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன்பின் தினமும் செருப்போடுதான் போனாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. சந்தே குடையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. ஜெரியும் போயிருந்தான். முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பிறகு மழை சட்டென்று விட்டது. மேகம் விலகி, கழுவிவிட்ட வெயில் சுள்ளென்று இறங்கியது. சந்தில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ரேச்சல் முதலில் செருப்பைத்தான் பார்த்தாள். வாசற்படியின் மேல் ஜோடியாக, கோயிலுக்குள் போகிறவர்கள் கழற்றி வைப்பதுபோல ஒழுங்காக இருந்தது. ஹில்டா வெள்ளைப் புடவையில், எரிகிற மெழுகுவர்த்தியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். முகத்தில் கல்யாணத்துக்குப் போகிற களை.

"அத்த, நில்லு!"

ஹில்டா வலது கையை நீட்டினாள்.

பெட்டியில் பூட்டு. தொட்டு இழுத்தால் இருவரும் போகவேண்டியதுதான். ரேச்சல் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அதன் கால்களால் மாமியாரின் விலாவில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். ஹில்டா பக்கவாட்டில் சாய்ந்தாள். சிமெண்டு விளிம்பில் நெற்றி மோதியது. மெழுகுவர்த்தி தண்ணீரில் விழுந்து அணைந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெற்றுப் பூக்கூடைகளோடு சந்துக்காரர்கள் திரும்பிவந்தார்கள். அவர்கள் கண்டதெல்லாம், தண்ணீரில் ரத்தத்தோடு கிடக்கிற மாமியாரையும், நாற்காலியை ஓங்கிக்கொண்டு நிற்கிற மருமகளையும்தான்.

"அடிப் பாவி..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள் பட்டம்மாள்.

ஜெரி அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். ஏறும்போது ரேச்சலிடம் திரும்பினான். "நான் வர சொல்ல நீ இந்த வூட்ல இருக்கக்கூடாது."

"போய்டறேன். அந்த சாவிய மட்டும் குடுத்துட்டுப் போ ஜெரி. உன் கால்ல வுழறேன்."

அவன் கொடுக்கவில்லை. ரேச்சல் முற்றத்து முகப்பில் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரையும் முற்றத்துக்குள் விடவில்லை. திட்டினார்கள். ஒருத்தி துப்பினாள். பொழுது சாய்கிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் போனதும் உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள்.

பையோடு அவள் வெளியே வந்தபோது ஆட்டோ வந்து நின்றது. நெற்றியில் கட்டோடு ஹில்டா இறங்கினாள். சந்தே கூடியிருந்தது.

"எங்கடி கெளம்பிட்ட?"

"எங்கண்ணன் வூட்டுக்கு. நான் உன்ன அடிக்கல அத்த... சத்தியமா அடிக்கணும்னு..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

"இன்னும் இன்னா பேச்சு அவகிட்ட? உன்ன சாவடிக்கப் பாத்தவ அவ" என்றான் ஜெரி.

ஹில்டா மகனைப் பார்க்காமல் சொன்னாள். "சாவப் போனது நானு. தள்ளிக் காப்பாத்தனது இவ."

பிறகு சந்துக்காரர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இத்தினி வருசமா கிரைண்டர்ல மாவு ஆட்டறேன். எர்த்து அடிக்கிறது இன்னான்னு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். தெரிஞ்சிதான் தெனம் புடிச்சேன்." அவள் ரேச்சலிடம் திரும்பினாள். "நீ செருப்பு வாங்கியாந்து வெச்சியே... சாமிய செருப்புக் காலோட எவளாவது தொடுவாளாடி? மெய்யாலுமே அவந்தான்னு நான் நம்பியிருந்தா அத மாட்டியிருப்பேனா? இன்னிக்கி தண்ணில நின்னு தொட்டா இன்னா ஆவும்னு தெரிஞ்சிதான் கழட்டி வெச்சேன். எல்லாருக்கும் ஒரு கல்லற கீது. எம் புள்ள கீற எடத்துக்கு நானே போய்டலாம்னு..."

ஜெரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அண்ணியின் பக்கம் நீட்டினான். கை நீட்டினானே தவிர, தலையைத் தூக்க முடியவில்லை.

"நான் வாயத் தொறக்காம, உன்னக் கண்டவங்க பேசறதப் பாத்துகினு குந்தியிருந்தேனே ரேச்சலு. என்ன மன்னிச்சிருடி" என்றாள் ஹில்டா.

ரேச்சலின் பை கையிலிருந்து நழுவியது. "நானும் நல்லவ இல்ல அத்த. எனக்கும் முன்னாடியே தெரியும். விசைய எறக்கிப் பாத்து, தெரிஞ்சிகினேன். தெரிஞ்சும் திருப்பிப் போட்டேன். நீ தூங்கும்போது நானும் வந்து புடிச்சிகினு நின்னேன்..."

ஹில்டா அவளைப் பார்த்தாள். ஒரே கூரையின் கீழ் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஒரே பொய்யின் கையை மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். "உனக்கும் அவந்தானா தோணுச்சி?" என்று ஹில்டா ரகசியம்போலக் கேட்டாள். ரேச்சல் தலையாட்டினாள். மாமியார் மருமகளின் தலையை இழுத்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். கட்டிலிருந்து கசிந்த ரத்தம் ரேச்சலின் வகிட்டில் பட்டது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் முதஸ்ஸிர் வந்தான். மாடியில் தோல் உரிந்த ஒயரை மாற்றினான், கத்தவிடாமல் கட்டியிருந்த பெட்டியின் வாயைத் திறந்துவிட்டான், ரவிக்குமாரை இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினான். சிலுவையைப் பெயர்த்துப் பக்கத்தில் சாய்த்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தவன் தயங்கினான். ஹில்டா அதை வாங்கி முதல் போடு தானே போட்டாள்.

இரண்டடியில் சட்டை வந்தது. ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. ஹில்டா அதை முகத்தோடு வைத்துக்கொண்டாள். வீட்டு மண் வாசனை இல்லை, சோப்பு வாசனை இல்லை. படகிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மேலே அடிக்கிற கடல் வாசனைதான் அடித்தது. இன்னும் தோண்டத் தோண்டக் குழிக்குள் தண்ணீர் ஊறிவந்தது. முதஸ்ஸிர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்புத் தண்ணி. கடலு இங்க வரிக்கும் கீழால வந்துகீது" என்றான். "இதவிட நல்ல எர்த்து கெடைக்காதுக்கா."

செம்புக் கம்பி கடலுக்குள் இறங்கியது. குழியை மூடி, அதன் தலைமாட்டில் சிலுவையைத் திரும்ப நட்டார்கள். உச்சி வெயில் ஏறியிருந்தது. முதஸ்ஸிர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பத் தொட்டுப் பாருங்க" என்றான். இருவரில் யார் முதலில் என்று ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஹில்டா மருமகளின் கையைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து வைத்தாள்.

இரும்பு வெயிலில் காய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆண்ட்ரூ போன நாளிலிருந்து ஹில்டா வாய்விட்டு அழுததில்லை. பிணத்தைப் பார்க்காமல் அழமாட்டேன், அழுதால் போனது போனதுதான் என்று ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். அவள் அப்படி இருந்ததால் ரேச்சலும் அழவில்லை. அன்றைக்கு ஹில்டா அந்த ஈரச் சட்டையை மடியில் பரப்பி, மண்ணில் கால்நீட்டி உட்கார்ந்தாள். "எங் கண்ணே..." என்று முதல் குரலை எடுத்தாள். ரேச்சல் அவள் தோளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டம்மாள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தாள். சாவு வீட்டில் போடுவதுபோல ஜெரி வாசலில் நாற்காலிகளை எடுத்துப் போட்டான். செய்தி கேட்டுச் சந்து முழுக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.